இன்பாக்ஸ் வீடு சுத்தம் பண்ணியது

ஜெரினாவின் மெயில் வீட்டில் இன்பாக்ஸும் குப்பைக்கூடையும் சேர்ந்து இருந்தன. அந்த வீட்டுக்கு இடம் அளந்து கொடுத்தது சர்வர்.

ஒரு நாள் காலையில் சர்வர் வந்து, "வீடு நிறைஞ்சு போச்சு. ஜெரினா பத்து நாளா எதிர்பார்க்கிற வேலைக் கடிதம் வாசல்ல நிக்குது. சாயங்காலத்துக்குள்ள இடம் பண்ணலைன்னா திருப்பி அனுப்பிடுவேன்" என்றது.

இன்பாக்ஸ் பழைய கடிதங்களை எல்லாம் அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டது. "இப்ப பாருங்கண்ணே, எப்படி பளிச்சுன்னு இருக்கேன்."

சர்வர் அளந்து பார்த்தது. "கொஞ்சம்கூட குறையலையேம்மா."

குப்பைக்கூடை மூச்சு முட்டிப்போய்ச் சொன்னது, "அக்கா, என்னையும் காலி பண்ணுக்கா. நானும் இந்த வீட்டுக் கணக்குலதான் இருக்கேன்."

"நீ சும்மா இரு. கொல்லைப்பக்கம் யாரு வந்து பார்க்கப் போறா?"

சாயங்காலம் ஆனது. கடிதம் வந்த வழியே திரும்பிப் போனது.

கொஞ்ச நேரத்தில் ஜெரினா வந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்பாக்ஸைத் திறந்தாள். மேலேயும் கீழேயும் தேடினாள்.

"நல்லா பாருங்கம்மா" என்றது இன்பாக்ஸ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஒரு கடிதம்கூட கிடையாது."