புதுக் கடைத் திறப்பு

"மாமா, சிரிங்க! கடை முதலாளி இப்படியா உம்முன்னு நிப்பாரு?"

மச்சான் கைப்பேசியை உயர்த்தினான். சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாகச் சிரித்தார்.

வெளிநாட்டில் வந்து இறங்கிய மறுநாளே சொந்தக் கடை! மனைவியின் தம்பி லேசுப்பட்டவன் இல்லை. இடம் பிடித்தது, கண்ணாடி மாட்டியது, திறப்பு விழாவுக்கு ஆள் சேர்த்தது, எல்லாம் அவனும் அவனுடைய வாட்ஸ்அப் குழுவும்தான்.

"நம்மாளுங்க நாலு பேர் இருந்தா எந்த நாட்டுலயும் கடை போட்டுடலாம் மாமா!"

அந்த நம்மாளுங்க சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைப்பேசி உயர்ந்தால் எல்லாரும் சிரித்தார்கள். அது இறங்கியதும் விளக்கை அணைத்த மாதிரி அத்தனை முகமும் அணைந்தது.

முதல் ஆள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். துணியைப் போர்த்திவிட்டுப் பார்த்தால், ஏற்கெனவே ஒட்ட மழித்த தலை.

"இதுல என்னத்த வெட்டுறது?"

"சும்மா கத்தரியை ஆட்டுங்கண்ணே" என்றார் அவர், உதடு அசையாமல். "மெதுவா. இப்படி உக்காந்து ரொம்ப நாளாச்சு."

சலூன்காரர் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் இருந்த அத்தனை பேருக்கும் அதே தலை. ஒருவருக்குப் பின்கழுத்தில் கத்தி கீறிய காயம்கூட ஆறவில்லை.

குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். காலி.

"மச்சான், தண்ணி வரலையே?"

"பாத்துக்கலாம் மாமா. அக்கா லைன்ல இருக்கா, பேசுங்க."

திரையில் மனைவிக்கு வாயெல்லாம் பல். "கடை பளபளன்னு இருக்குங்க! உங்க தம்பியும் இங்கதான் நிக்கிறாரு. தானும் வரணுமாம்."

அதைக் கேட்டதும் சலூன்காரருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "உடனே கிளம்பி வரச் சொல்லு! இங்க நம்மாளுங்க என்னைத் தாங்குறாங்க."

அழைப்பு முடிந்தது. மச்சான் முகமும் அணைந்தது.

சுவரோரம் இருந்தவர்கள் ஒன்றாக எழுந்தார்கள். இரண்டு பேர் கண்ணாடியைக் கழற்றினார்கள். நாற்காலியில் இருந்தவர் சலூன்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க? இது என் கடை!"

"போன மாசம் இதே இடத்துல நான் பேக்கரி திறந்தேன்" என்றார் அவர். "அதோ, அவர் தையல் கடை. பின்னாடி வேன் நிக்குது, ஏறுங்க. தாமதமா போனா ஃபேக்டரில அடிப்பாங்க."

"மச்சான்! என்னடா இதெல்லாம்? என் பாஸ்போர்ட்டைக் குடு!"

"அது என்கிட்ட இல்ல மாமா. என்னோடதும் ஃபேக்டரிக்காரங்ககிட்டதான் இருக்கு."

வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த 'சலூன்' என்ற எழுத்தை அவன் நகத்தால் உரித்தெடுத்தான். பிறகு, முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"உங்க தம்பிக்கு என்ன தொழில் மாமா தெரியும்?"