கடைசிச் சுரங்கம்

இலங்கையிலேயே மூளையைக் கழற்றி வைக்காமல் ரயில் கோச்சியில் ஏறும் ஒரே மனிதர் முத்துலிங்கம்தான். கண்டியில் ஏறியதும் அதை அவரே அறிவித்தார். சுரங்கம் வரும்போதெல்லாம் மற்றவர்கள் "ஊ" என்று கூவினார்கள்.

"நீங்களும் ஒருக்கா கூவுங்களேன்," என்றாள் மனைவி பாலம்மா.

"ஊளையிட நான் என்ன நரியா?"

மலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்த எதிர்சீட்டுக்காரர் சிரித்தார். "எத்தன நாள் சுற்றுலா?"

"திரும்பி வர மாட்டோங்க," என்றாள் பாலம்மா. "தலைமன்னார்ல கப்பலேறணும். எங்க ரெண்டு பேருக்கும் இந்தியாப் பாஸ்போட்டு குடுத்து அனுப்புறாங்க. மகளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. கண்டி ஸ்டேசன்லயே நின்னுட்டா."

அவர் கமராவை மடியில் வைத்தார்.

கடைசிச் சுரங்கம் வந்தது. இருட்டில் எல்லாரும் கூவி ஓய்ந்த பிறகும், பாலம்மாவின் பக்கத்தில் ஒரு "ஊ" மட்டும் மெல்ல நீண்டுகொண்டே இருந்தது.

வெளிச்சம் வருமுன் பாலம்மா தன் முந்தானையை அந்தப் பக்கம் நீட்டினாள்.