முதல் பரிசுக் கோப்பை

பல்கலைக்கழகத்தில் தலைமைப் பண்புப் பயிற்சியின் கடைசி நாள், ஆளுக்கொரு பிரச்சினையைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும்; சிறந்த பேச்சுக்குக் கோப்பை. ஜெபக்கனி தன் விடுதிக் குழாயில் பிடித்த தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து மேடையில் தூக்கிக் காட்டினாள். பழுப்பாக, அடியில் வண்டலோடு கிடந்தது. பதினெட்டுப் பேருக்கு மஞ்சள் காமாலை, நாலு மனு கொடுத்தும் ஒரு பதில் இல்லை என்றாள். குரல் நடுங்கியது.

அரங்கமே கைதட்டியது. காமாலையிலிருந்து எழுந்து வந்தவர்களும் தட்டினார்கள்.

"பாட்டிலத் தூக்குன பாரும்மா, அங்கதான் எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க," என்றார் பயிற்சியாளர். "குரல் நடுங்காம மட்டும் பாத்துக்க."

அந்த நாலு மனுவையும் வாங்கி மேசையில் போட்டுவைத்த பதிவாளர்தான் முதல் பரிசுக் கோப்பையை நீட்டினார். "நம்ம பல்கலைக்கழகத்துக்கே பெருமைம்மா. போட்டோவுக்கு அந்த பாட்டிலையும் சேத்துப் புடி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பையை வாங்கினாள். பாட்டில் மூடியைத் திருகி, வண்டலும் விழும்படி கோப்பைக்குள் கவிழ்த்தாள். பிறகு அதை அவரிடமே நீட்டினாள்.

"குடிங்க சார். போட்டோ எடுக்கட்டும்."

பயிற்சியாளர் சொன்னபடியே, இம்முறை குரல் நடுங்கவில்லை.