எந்தக் குண்டு நல்லது?

தங்கள் லண்டன் வால்தம்ஸ்டோக் கடையில் இரண்டாவது தடவையும் கள்ளன் புகுந்த பிறகு, தவநாயகி கவுண்டருக்குக் கீழே ஒரு கைத்துப்பாக்கியை வைத்தாள்.

"உள்ளுக்கு எதைப் போடப்போறீர்? கடுமையானதாய்ப் போடும்," என்றான் கணவன் குகதாசன்.

"அவனுக்கு ஏதும் நடந்தால் நாங்கள்தான் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணவேணும். ஆள் சாகக் கூடாது, தப்பவும் கூடாது. அதுக்கேத்த சாமான் என்னட்டை இருக்கு."

சனிக்கிழமை கத்தியோடு வந்தவனின் நெஞ்சுக்குக் குறிவைத்துச் சுட்டாள். அவன் அலறியடித்துக்கொண்டு ஓடினான்.

அரை மணி நேரத்தில் பொலிஸ்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பொதுக் கழிப்பறையிலிருந்து வந்தான். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம், உடம்பில் காயமே இல்லை!"

தவநாயகி மகனின் பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்துக் காட்டினாள்.

மிளகாய்த்தூள் கரைக்கச் சொல்லியிருந்த குகதாசன் கள்ளனின் சட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தான். "நீர் மஞ்சளெல்லோ கரைச்சனீர்? எப்பிடிச் சிவந்தது?"

"சோப் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஓடிப்போய்க் கழுவுவான் எண்டு எனக்குத் தெரியும்."