ஒன்பதாம் நம்பர் விண்ணப்பம்

“மறுபடியும் லேப்புக்குப் போயிட்டாங்களா? ஐயோ, பதினோரு மணிக்குத் தேர்வுக்குழு!” பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

துணைவேந்தர் நாற்காலி காலி. மேஜையில் கழுத்தளவு ஃபைல்கள். அந்த நாற்காலிக்காரி, ஆறு மாதத்துக்கு முன்புவரை இதே பல்கலைக்கழகத்தின் ஆய்வகத் தலைவராகப் பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பட்டப்பெயரே ‘பூஞ்சை மேடம்’. இப்போதும் அரை மணிக்கொரு தரம் கீழ்த்தளத்து ஆய்வகத்துக்கு ஓடிவிடுவார்.

“ஓடினா ஓடட்டும், விடுங்க சார்” என்றார் குழுவில் இருந்த கணிதப் பேராசிரியை.

“எப்படிம்மா விடறது? ஏழு துணைவேந்தரைப் பாத்தாச்சு. ஃபைலைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறவங்க இவங்க ஒருத்தர்தான். இவங்களைக் கோட்டை விட்டுடக் கூடாது. லேப்புக்கு உருப்படியா ஒரு தலைவரைப் போட்டுட்டா, இவங்க கால் இந்த ரூம்ல தங்கும்.”

துணைவேந்தர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. கையில் பன்னிரண்டு விண்ணப்பங்கள்.

“பேரு, ஊரு எல்லாத்தையும் மறைச்சு நம்பர் மட்டும் போட்டிருக்கேன். லேப்ல சாம்பிளுக்குப் பண்ற மாதிரி. யாரோடதுன்னு தெரிஞ்சுட்டா நம்ம கண்ணே நம்மள ஏமாத்திடும். பேரெல்லாம் இந்தக் கவர்ல இருக்கு.”

“நீங்க மார்க் போடலையா மேடம்?”

“நான் போட்டா நியாயமில்ல. இதுல எனக்கு ரொம்ப வேண்டியவங்க ஒருத்தர் இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் சொல்றதுதான் முடிவு.”

சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபைல்களைப் பார்க்க ஆரம்பித்தார். அதிசயமாக, அன்று ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

பதிவாளர் படிக்கப் படிக்க முகம் சுளித்தார். “நாலாம் நம்பருக்கு லேப்பை விட ஏசிதான் முக்கியம் போல. ஏழு தன்னைப் பத்தியே ஆறு பக்கம் அளந்திருக்கு.”

ஒன்பதாம் நம்பரில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இதைக் கேளுங்கம்மா” என்று கிசுகிசுத்தார். “‘ஃபிரீசர் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. துணைவேந்தரே வந்து நின்றாலும் வேலை நேரத்தில் உள்ளே விடமாட்டேன்.’ நான் தேடின ஆளு இவங்கதான்!”

“கீழே பாருங்க சார்” என்று பேராசிரியை சிரித்தார். “‘கூட்டங்களுக்குத் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். தூங்கிவிடுவேன்.’”

“தூங்கட்டுமே! இவங்களுக்கு நிர்வாகம் சுட்டுப் போட்டாலும் வராது. லேப்புக்குன்னே பொறந்த பிறவி. நூத்துக்கு நூறு!”

பேராசிரியையும் நூறு போட்டார்.

“ஒன்பதாம் நம்பரா?” துணைவேந்தர் எழுந்தே விட்டார். “நல்லா யோசிச்சீங்களா? அப்புறம் மாத்தக் கூடாது.” குரல் லேசாக நடுங்கியது.

பாவம், வேண்டியவருக்குக் கிடைக்காமல் போய்விட்டதே என்று பதிவாளருக்கு மனசு சங்கடப்பட்டது. ஆனால் பல்கலைக்கழகம் முக்கியமாயிற்றே! “சத்தியமா மாத்தமாட்டோம் மேடம்” என்று அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலேயே பேராசிரியையும் போட்டார்.

“ரொம்ப நன்றி சார். இந்த ஆறு மாசத்துல நீங்க பண்ணின பெரிய உதவி இதுதான்.”

“இதென்ன மேடம் பெரிய வார்த்தையெல்லாம்! இனிமே நீங்க மாடிப்படி ஏறி இறங்க வேண்டியதே இல்ல. ஒரே இடத்துல நிம்மதியா உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டே பதிவாளர் கவரைப் பிரித்தார்.

ஒன்பதாம் நம்பருக்கு நேரே துணைவேந்தரின் பெயர் இருந்தது. அதோடு சேர்த்துக் குத்தியிருந்த ராஜினாமாக் கடிதத்தை அவர் படித்து முடிப்பதற்குள், வெள்ளைக் கோட்டு படியிறங்கிப் போய்விட்டிருந்தது.