வெளியில் மாற்றிய பேட்டரி

"இது வெளியில மாத்தின பேட்டரி மேடம். எங்க சாஃப்ட்வேர் ஏத்துக்காது. அதான் லேப்டாப்பைப் பூட்டிடுச்சு" என்றார் சர்வீஸ் சென்டர் ஊழியர்.

"நான் வாங்கின பொருளைப் பூட்ட நீங்க யாரு?"

அவள் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"புது மாடல் வரும்போதெல்லாம் முதல் ஆளா வரிசையில நின்னவ நான்! உங்க கம்பெனிக்காக ஊரோட சண்டை போட்டிருக்கேன். இப்ப என் ஆராய்ச்சிக் கட்டுரை முழுசா இதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. நாளைக்குக் கொடுக்கணும்!"

"விடும்மா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்." கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"நீங்க சும்மா இருங்க!" அவள் கையை உதறினாள். "இந்தப் பூட்டைக் கண்டுபிடிச்சவன் எவன்? அவன் பொண்டாட்டி இப்படி நாலு பேர் முன்னாடி நின்னு கத்தினாத்தான் அவனுக்குப் புத்தி வரும்!"

ஊழியர் தயங்கித் தயங்கி அவள் கணவன் பக்கம் திரும்பினார்.

"சார், இந்தப் பூட்டு சாஃப்ட்வேரை எழுதினது நீங்கதான்னு எங்க டிரெய்னிங்ல சொன்னீங்களே. திறக்க ஏதாவது வழி வச்சிருக்கீங்களா?"

இதே கம்பெனியில் கேமரா பிரிவில் வேலை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தவன், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னான்.

"வைக்கலை."