வாய் திறக்காத பை

வெயிலில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் பையை, முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். உள்ளே இருந்த தங்கமீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வழிய விடு! எதிர்லயே எவ்வளவு தண்ணி!"

"அது ஜில்லுனு இருக்குப்பா. இந்தச் சூட்டோட குதிச்சா உடம்பு தாங்காது. கொஞ்சம் பொறு," என்றது பை.

"என்னைத் தடுக்க நீ யாரு?"

மீன் முட்டி மோதியது. பை முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டது. உள்ளும் புறமும் ஒரே குளிர்ச்சிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தது. மீன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாய்ந்தது.

சாயங்காலம், குழாயில் சொட்டச் சொட்டத் தொங்கிய பையின் காதில், தொட்டியிலிருந்த மற்ற மீன்களிடம் தங்கமீன் பேசுவது விழுந்தது.

"அந்தப் பாழாய்ப்போன பையோட மல்லுக்கட்டித்தான் வெளியே வந்தேன், தெரியுமா!"

குரல் கணீரென்று இருந்தது. பைக்கு அது போதும்.